பெரிய வெள்ளியில் ஒரு முட்டை

24.3.1978, பெரிய வெள்ளி.

இப்படி நடக்கும் என்று தவக்காலம் தொடங்கிய அன்றே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. காட்டூரில் அக்காள் மகள் ரோஸி, ஆறு மாதக் கர்ப்பிணி, மயக்கம் தாங்காமல், ஒருசந்தி நோன்பு நாளென்றும் பாராமல் ஒரு முட்டையை அவித்துத் தின்றுவிட்டாள். அவள் அப்பன், என் மச்சான், பெல்ட்டை உருவி அவள் முதுகில் விளாசினார். ரவிக்கை கிழிந்து ரத்தம் வந்தது.

"ஒருசந்திய முறிச்சிட்டியேடி, பாவி!"

"புள்ளத்தாச்சிக்கு ஒருசந்தி இல்லைன்னு சாமியாரே சொன்னாருங்க!" என்று அக்காள் கதறினாள்.

"என் வீட்டுல உண்டு!"

அடுத்த அடி வயிற்றுக்கு ஓங்கியது. பாலக்கரையில் குஸ்தி பழகிய கையல்லவா, பாய்ந்து பெல்ட்டைப் பிடுங்கி மச்சானைச் சுவரில் மோதினேன். இரண்டு பல் தெறித்தது. "நமக்காக சேசு செத்தது போதாதா? இவளும் சாகணுமா?" என்று கேட்டேன்.

ரோஸி தூங்குகிறாள். பிள்ளை அசைகிறதாம்.

பல் தெறித்தது சத்தியம். பாய்ந்தது மட்டும் நானில்லை, அக்காள். நான் கதவுக்குப் பின்னால் செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.