ஆறு மணி சேதி

ஜூன் 19, வியாழன்

காலை முழுக்க எண்ணூர் நெடுஞ்சாலை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகளில் ஏறி எங்கள் கம்பெனியின் வான்மணி செட்டைப் போட்டுக் காட்டினேன். சாட்டிலைட்டிலிருந்து நேராக வரும் ரேடியோ, விளம்பரமே கிடையாது, எந்த ஊருக்குப் போனாலும் அதே சேனல் என்று மனப்பாடமாகச் சொன்னேன். ஒரு டிரைவர் முழுசாகக் கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்து அதே பாட்டைப் போட்டார். திட்டவில்லை, கிண்டலும் இல்லை. சும்மா போட்டுக் காட்டினார். செட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் தீனாவிடம் கேட்டேன். அவரும் காட்டுப்பள்ளிக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர்தானே, கட்டின புருஷனாவது சந்தா கட்டுவாரா என்று. "போன்ல சும்மா வர்றத்த நான் இன்னாத்துக்கு துட்டு குட்த்து கேக்கணும்?" என்றார், சாம்பார் ஊற்றிக்கொண்டே.

ஜூன் 21

மேலாளர் ஃபர்ஹான் சார் போன். செப்டம்பருக்குள் புது சந்தாதாரர் சேராவிட்டால் ராயபுரம் கிளையை மூடிவிடுவார்களாம். கிளை என்றால் நானும் ஒரு மின்விசிறியும். "ஐடியா எதுவானாலும் அனுப்புங்க கார்குழலி, சின்னதா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். நல்ல மனுஷன்.

அனுப்பினேன். கல்யாணப் பரிசாகச் சந்தா. சாத்தாங்காடு இரும்புக் கடைகளுக்கு மொத்தமாகத் தள்ளுபடி. முதல் மாதம் இலவசம். எழுதும்போதே தெரிந்தது, ஒன்றும் தேறாது. கையில் போன் இருக்கிறவன் எதற்கு நம்மிடம் வருவான்?

ஜூன் 22

போன் சிக்னல் எடுக்காத இடம் எது?

ஜூன் 24, செவ்வாய்

காசிமேடு போனேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து லாஞ்சுகள் போவதும் வருவதுமாக இருக்கின்றன. இங்கே பெரிய விசைப்படகைத்தான் லாஞ்சு என்கிறார்கள். கரையை விட்டுக் கொஞ்சம் போனதுமே போன் செத்துவிடும். லாஞ்சுக்கு லாஞ்சு பேச வயர்லெஸ் உண்டு, கரை வரைக்கும் எட்டாது. பத்து நாள், பன்னிரண்டு நாள் அப்படியே.

மூன்று லாஞ்சு வைத்திருக்கும் கோதண்டத்தைப் பார்த்தேன். எல்லோரும் நைனா என்கிறார்கள். "பாட்டு கேட்டுகினு எவம்மா வல இழுப்பான்?" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பும்போது மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கூப்பிட்டாள். அங்கம்மா. அவள் புருஷன் வெற்றி, நைனாவின் லாஞ்சில் போயிருக்கிறானாம். "கேஸ் புக்க எங்க வெச்சான்னு தெர்ல. உன் ரேடியோவுல கேட்டு சொல்லேன்?"

"கேக்க முடியாதுக்கா. அங்கேருந்து பதில் வராது. இங்கேருந்து சொல்லத்தான் முடியும்."

"அது இன்னும் நல்லதாப் போச்சு. குறுக்க பேசாம கேப்பான் இல்ல?"

சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. பாட்டை விற்கக் கூடாது, இதைத்தான் விற்க வேண்டும்.

ஜூன் 27

ஒப்புதல் வந்துவிட்டது! தினமும் மாலை ஆறு மணிக்குக் கால் மணி நேரம், கரையிலிருந்து கடலுக்குச் சேதி. செப்டம்பர் வரை லாஞ்சுகளுக்கு செட் இலவசம், பிறகு முதலாளி சந்தா கட்ட வேண்டும். அறிவிப்பாளருக்குப் பணம் ஒதுக்கவில்லையாம். "கிளையிலேருந்தே நீங்களே படிச்சிடுங்க." நானா!

நைனாவும் ஒத்துக்கொண்டார். இலவசம் என்பதால்.

ஜூலை 9

குரல் நடுங்குவது நின்றுவிட்டது. நம் லாஞ்சுகள் மட்டுமல்ல, அந்த சேனலைப் போட்டிருக்கும் எல்லோரும் கேட்பார்கள் என்று பெண்களிடம் எத்தனை முறை சொன்னாலும் அங்கம்மாவோடு மீன் பிரிக்கும் பவானிக்கு ஏறவில்லை. கடலில் இருக்கும் தன் புருஷனுக்கு அவள் சொல்லச் சொன்னது: "தூத்துக்குடி போறேன்னு பொய் சொல்லிட்டு உன் தம்பி எங்க போய்கினு கீறான்னு கரைக்கு வா, பேசிக்கலாம்" — படித்தேன். கோயம்புத்தூர் சந்தாதாரர் ஒருவர் போன் செய்து, தம்பி கிடைத்தானா என்று விசாரித்தாராம்.

ஜூலை 16

மழை. மூன்று சேதிதான்.

ஜூலை 22, செவ்வாய்

மதியம் அங்கம்மா வந்தாள். செருப்பு இல்லாமல் வந்திருந்தாள். வெற்றியின் அப்பா காலையில் தவறிவிட்டார். வெற்றி கடலுக்குப் போய் நாலு நாள்தான் ஆகிறது. "ஒரே புள்ள. ஐஸ் பொட்டில வெச்சுகினு ஒக்காந்து கீறோம். ஆறு மணிக்கு சொல்லிடு."

அவள் போன சூட்டில் நைனா போன். எப்படித் தெரிந்ததோ. போடாதே என்றார். கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "எட்டு பேரு கீறானுங்க அதுல. ஐஸு, டீசலு எல்லாம் போட்டு இப்பத்தான் போனது. பாதில திரும்பினா எட்டு வூட்லயும் அடுப்பு எரியாது. அத்த வுடு. சுத்தி தண்ணி, நடுவுல நின்னுகினு அப்பன் செத்தத கேட்டா அவன் இன்னா பண்ணுவான்? எங்க ஆளுங்க கரை ஏறினப்புறம்தான் சொல்லுவோம். கைய புட்ச்சிகினு சொல்லுவோம். போட்டீன்னா செட்ட எல்லாம் கய்ட்டிடுவேன்."

அவர் சொன்னதில் எது தப்பு? ஒன்றும் தப்பில்லை. ஃபர்ஹான் சாருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மணி ஐந்தே முக்கால். மத்த சேதியெல்லாம் படிச்சுட்டு இத்த மட்டும் மடிச்சு வெச்சுடவா? நாளைக்கு அந்தப் பொம்பள மூஞ்சில எப்டி முழிக்கறது? போடுன்னு சொன்னது அவ. அவ வூட்டு சாவு. வேணாம்னு சொல்ல நான் யாரு, நைனா யாரு?

படித்தேன். கடைசியாகப் படித்தேன். முதலில் லாஞ்சை ஓட்டும் டிரைவர் பீம்ராவ் அண்ணனைக் கூப்பிட்டு, வெற்றி பக்கத்தில் இரண்டு பேரைப் போய் உட்காரச் சொன்னேன். கொஞ்சம் நிறுத்தினேன். பிறகு சொன்னேன்.

ஜூலை 23

கேட்டார்களா? செட் ஓடிக்கொண்டிருந்ததா? எப்படித் தெரிந்துகொள்வது? இது ஒருவழி ரேடியோ. இந்த வசதியைத்தான் ஒரு மாதமாகக் கூவிக் கூவிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கரையில் நின்ற தன் இரண்டு லாஞ்சிலிருந்தும் நைனா செட்டைக் கழற்றிக் கிளை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மற்ற முதலாளிகளும் கழற்றுகிறார்கள். ஃபர்ஹான் சார் கோபமாகப் பேசவில்லை. "இன்னைக்குப் படிக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 24, வியாழன்

வெற்றி வந்துவிட்டான். ஆனால் நைனாவின் லாஞ்சில் இல்லை!

மீன் பிடித்து முடித்துக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேறொரு லாஞ்சிலும் நம் செட் இருந்திருக்கிறது. சேதியைக் கேட்டதும் அவர்களே பீம்ராவை வயர்லெஸ்ஸில் பிடித்து, கிட்டே வந்து, வெற்றியை ஏற்றிக்கொண்டார்கள். நைனாவின் லாஞ்சு ஏழு பேரோடு அங்கேயே வலை போட்டுக்கொண்டிருக்கிறது.

சாவுக்குப் போனேன். அங்கம்மா என் கையைப் பிடித்தாள். வெற்றி ஒன்று சொன்னான்: "ரெண்டு பேர வந்து ஒக்கார சொன்னியே, அப்பவே தெரிஞ்சிபோச்சுக்கா. நீ அப்பாலிக்கா சொன்னது எதுவும் காதுல வுழல." பிறகு எழுந்து அப்பா மேல் கிடந்த மாலைகளைக் கழற்றப் போனான்.

நைனா ஓரமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். நான்தான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 4

மறுபடி படிக்கலாம் என்று அனுமதி. ஆனால் கேட்பதற்கு எத்தனை லாஞ்சில் செட் இருக்கிறது? படிக்கிறேன்.

ஆகஸ்ட் 20

பீம்ராவ் கரைக்கு வந்து, செட் இல்லாமல் போக மாட்டேன் என்றாராம். பவானி வந்து சொன்னாள். அவள் புருஷனின் அந்தத் தம்பியும் இப்போது எந்த லாஞ்சில் ஏறினாலும் முதலில் அதைத்தான் கேட்கிறானாம். எந்த விளம்பரமும் நான் போடவில்லை. ஆள் கிடைக்காத முதலாளிகள் ஒவ்வொருவராகக் கிளைக்கு வருகிறார்கள். சிலர் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள்.

செப்டம்பர் 11, வியாழன்

நாற்காலி இன்னொன்று வாங்க ஃபர்ஹான் சார் சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் நிற்கிறார்களாம்.

மாலை நைனா வந்தார். மூன்று லாஞ்சுக்கும் ஒரு வருடச் சந்தா. "செட்டு இல்லாத லாஞ்சுல ஏற மாட்டேன்றானுங்க, நான் இன்னா பண்றது?" என்றார். கையெழுத்துப் போட்டார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"சாவு சேதி எதுனா வந்துச்சின்னா எனக்கும் ஒரு போன் போடு."

நான் நிமிர்ந்தேன்.

"தடுக்கறதுக்கு இல்லமா. என் லாஞ்சு ஆளு. அவன் கரை ஏறசொல்லோ மாலையோட நான் நிக்க வாணாமா?"

சரி நைனா என்றேன். ஆறாகிக்கொண்டிருந்தது. அவர் போகவில்லை, சுவரோரம் நின்றபடி நான் படித்த சேதி முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் போனார்.