நடுவில் இருந்த எழுத்து

இன்று பரணிலிருந்து பழைய பாத்திரங்களை இறக்கியபோது, அடியில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்த எவர்சில்வர் டம்ளர் வந்தது. உன்னுடையதுதான். உன் காரியம் முடிந்த அன்று நான் கேட்டு வாங்கி வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இத்தனை வருஷமாகியும் உன்மேல் எனக்குள்ள கோபம் போகவில்லையடி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்சு பாகங்களைப் பொருத்தும் கம்பெனியில் நாம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். நான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ரயிலில் வருவேன், நீ கள்ளிக்குப்பத்திலிருந்து நடந்து வருவாய். மதியச் சாப்பாட்டில் என் குழம்பு உன் டப்பாவுக்கும், உன் கருவாட்டுத் தொக்கு என் டப்பாவுக்கும் கேட்காமலே மாறும். "இன்னாடி கொயம்பு இது, தண்ணி மாரி கீது" என்று சொல்லிக்கொண்டே வழித்துத் தின்பாய்.

தொண்ணூறுகளின் கடைசியில் லேடி டாக்டர்கள் கம்பெனிக்கே வந்து பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்தார்கள். கூச்சப்பட்டவர்களைக் கேலி செய்துவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றவள் நீ. கொஞ்ச நாளில் உன்னை மட்டும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். திரும்பி வந்து, "ஒண்ணுமில்ல, சூடுன்னாங்கோ" என்றாய்.

அதற்குப் பிறகுதான் உன் டம்ளரில் அந்தப் பொட்டு வந்தது. தட்டிலும் வந்தது. தொக்கு நின்றுபோனது. கேட்டால் விரதம் என்பாய். "எந்தச் சாமிடி வருஷம் முழுக்க விரதம் இருக்கச் சொல்லுது?" என்று திட்டினேன். சிரித்து மழுப்பினாய்.

ஒருநாள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சேலையெல்லாம் ரத்தமாகி மயங்கி விழுந்தாய். ஆட்டோவில் உன்னை மடியில் சாய்த்துக்கொண்டு போனேன். கண் திறந்ததும், "தொடாதடி. எனுக்கு அந்த நோவு கீது. எய்ட்ஸு" என்றாய். 

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாதான் பழைய முடிவை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். உனக்கு இருந்தது எச்.பி.வி. என்ற வேறொரு கிருமி. முதலில் வரச் சொன்ன அன்றைக்கு நர்ஸ் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். ஊர்ச் சுவரெல்லாம் எச்.ஐ.வி. என்று எழுதிப் பயமுறுத்திய காலம் அது. நடுவில் இருந்த எழுத்து உன் காதில் நிற்கவில்லை. புருஷன் விரட்டிவிடுவான், ஊர் தூற்றும் என்று பயந்து மறுபடி அந்தப் பக்கமே நீ போகவில்லை.

"இது தாம்பத்தியத்துல வர்றதும்மா. ரொம்பப் பேருக்கு வந்து தானாவே போயிடும். சிலருக்குத்தான் உள்ளயே தங்கிப் புத்துநோயாகும். எப்ப வந்ததுன்னே சொல்ல முடியாது, யாரையும் சந்தேகப்படாதீங்க. கூடச் சாப்பிட்டா, தொட்டா ஒட்டாது" என்றார் டாக்டரம்மா. அப்போதே வந்திருந்தால் சுலபமாகச் சரி செய்திருக்கலாம், இப்போது முற்றிவிட்டது என்றும் சொன்னார். அது உன் காதில் ஏறவே இல்லை. "சோத்துல ஒட்டாதா டாக்டரு?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாய்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாய். "எம்பொண்ணுக்கு ஒரு வாய் ஊட்லியேடி. கிட்ட வந்தா புட்ச்சித் தள்னேனே!"

அன்று சாயங்காலம் விளையாடிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, சோறு பிசைந்து ஊட்டினாய். பள்ளிக்கூடம் போகிற பெண், வயிறு நிறைந்த பிறகும் வேண்டாம் என்று சொல்லாமல் வாயைத் திறந்துகொண்டே இருந்தாள். இந்த விஷயத்தை அவளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "பெர்சானா சொல்லிக்கலாம்" என்றாய். மகள் பெரியவள் ஆனதைப் பார்க்க நீ இல்லை.

அவள் இப்போது வேலப்பன்சாவடியில் இருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. போன வாரம் போன் செய்தாள். பரிசோதனையில் அவளுக்கும் எச்.பி.வி. இருக்கிறதாம். ஆரம்ப மாற்றம்தான், சின்னச் சிகிச்சை போதும், பிறகு விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார்களாம். எல்லாம் தெளிவாகக் கேட்டுப் புரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாள், நம்மைப்போல இல்லை. இதற்குமேலும் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. உன் கதை முழுவதையும் சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டாள்: "அப்போ அம்மாவுக்கு என்னைப் புடிக்காமப் போவலியா, பெரிம்மா?"

அத்தனை வருஷமும் அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். நீ இருந்து சொல்ல வேண்டிய பதில் அது.

"போவலடி கண்ணு, ஒருநாளும் போவல" என்றேன். வந்தது என் பேச்சே இல்லை, உன் பேச்சு.