பறக்கப் போன பியர்ஸ்

அன்பு மகள் ரோவீனாவுக்கு,

அப்பாவின் முட்டிவலியைக் கழித்துவிட்டால் இங்கே எல்லோரும் சுகம், நீயும் அந்த நியூசிலாந்துக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். விட்பியில் எப்போதும்போல மழை. அப்பா வாய்க்குக் கொண்டுபோன வறுத்த மீனைக் கடற்காகம் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது, மீன் கடைக்காரனிடமே திருட்டா என்று இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

பியர்ஸ் திரும்பக் கூப்பிடுகிறான், வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், யோசனை சொல்லத் தெரியாது, பார்த்ததை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அவன் காகிதத்தை வெட்டிச் செய்யும் படங்களின் கண்காட்சிக்குப் போனோம், ஒயின் இனாம் என்று டோரீன் அத்தையும் வந்தாள். மேதை பியர்ஸ் வெல்வெட் கோட்டில் நின்றிருந்தார். மீன் வாடை படத்தில் ஏறிவிடுமாம், எங்களை மட்டும் நாலடி தள்ளி நிற்கச் சொன்னார். சுவர் உயரத்துக்குக் கறுப்புத் தாளில் வெட்டின ஒரு படம், மேலே மூடக் கண்ணாடிகூட மாட்டவில்லை. நடுவில் பெரிதாக அவன், வானத்தில் பறக்கிறானாம். ஓரத்துப் பாறையில் சின்னதாக நீ, அவன் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு. “என்னைப் பறக்க விடாம பிடிச்சு வச்ச பொண்ணு இவதான்” என்று ஊரார் முன்னால் சொல்கிறான். நாலு வருஷம் அவன் கத்தியும் கையுமாக உட்கார்ந்திருக்க, நீ சமைத்து, வெட்டின தூளைக் கூட்டி, கீறின விரலுக்கெல்லாம் பிளாஸ்டர் போட்டாயே, அதற்குப் பெயர் பிடித்து வைத்ததாம். முழுக்க ஒரே தாள், பசை இல்லை, டேப் இல்லை, ஒன்றை ஒன்று தொட்டால்தான் நிற்கும் என்று பெருமை வேறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது உன் கை ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து யாரோ கதவைத் திறந்தார்கள், கடல் காற்று உள்ளே வந்தது, உன் கை மணிக்கட்டோடு அறுந்தது. இனி பிடிக்க ஆளில்லையே, பறந்திருக்க வேண்டுமே? நேரே கீழே மேசையில் தின்ன வைத்திருந்த சாசேஜ் ரோல் தட்டில் விழுந்தான். “ஏன் அண்ணி, வானத்துக்குன்னு சொல்லிட்டுத் தட்டுல இறங்கிட்டானே” என்றாள் டோரீன். “விடும்மா, பசியா இருக்கும்” என்றார் அப்பா. நீ மட்டும் பாறையில் அசையாமல் நின்றாய். பியர்ஸ் ஓடிப்போய் டேப் வாங்கி வந்து தன்னைத் தூக்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டான். அறுந்த கையைத் தேடவே இல்லை. விழுந்த வேகத்தில் அது கோட்டு நுனியிலிருந்தும் பிய்ந்து மேசைக்கு அடியில் கிடந்தது, நான்தான் குனிந்து எடுத்தேன். நகம்வரை அழகாக வெட்டியிருக்கிறான், அதை மறுக்க மாட்டேன்.

அதை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், உதறிப் பார்க்காமல் குப்பையில் போட்டுவிடாதே. டிக்கெட் வாங்குவதென்றால் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கு. ஈரத் தலையோடு வெளியே போகாதே, என் கண்ணே, கடவுள் உன்னைக் காப்பார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஜானிஸ்