வரம்பு கட்டி வளர்ந்த கண்டல்

மச்சான்,

இன்று காலை உன் மனைவி ஒரு பொலித்தீன் பையில் சேறு கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "மணந்து பாருங்க அண்ணன், இது கண்டல் சேறா, வயல் சேறா?" என்றாள். மணந்து பார்த்தேன். உப்புநீரில் நிற்கும் கண்டல் காட்டுச் சேற்றில் வரும் கூழ்முட்டை நாற்றம் அதில் இல்லை. அது வயல் சேறு, உங்கள் வவுணதீவு வயல்வட்டையிலிருந்து அள்ளியது. 

சமாதான காலத்தின் அந்த மார்கழி உனக்கு நினைவிருக்கும். பழைய செய்மதிப் படங்களையும் புதியவற்றையும் ஒப்பிட்டு, வாவிக்கரையில் எது காடானது, எது வயலானது என்று நாம் இருவரும் ஒரே கணினியில் குறித்துக்கொண்டிருந்தோம். பச்சை இலையெல்லாம் அந்தப் படங்களில் சிவப்பாகத் தெரியும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சிவப்பைக் கண்டல் காடு என்று நான் குறித்ததும் நீ சிரித்தாய்.

"கண்டல் எப்பகா வரம்பு கட்டி வளந்தது? கோடு நேராப் போகுது பார். அது எங்கட வட்டை. விதைக்க ஆளில்லாமப் பத்தை மண்டிக் கிடக்கு."

"போய்ப் பாக்காம மாத்தேலாது" என்றேன், பெரிய சட்டம் தெரிந்தவன் போல.

"பாதை திறந்துதானே கிடக்கு. நாளைக்கே வா, மோட்டசைக்கிள்ல போவம்."

எனக்குப் பயம். இந்தப் பக்கம் இராணுவம் விசாரிக்கும், அந்தப் பக்கம் இயக்கம் விசாரிக்கும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "பொங்கல் முடியட்டும்" என்றேன்.

பொங்கலுக்கு நீ இல்லை. விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போன உன்னைக் கதிரவெளியில் சுனாமி கொண்டுபோனது. பிறகு சண்டை தொடங்கிப் பாதையும் மூடியது. மேலிடம் வரைபடத்தைக் கேட்டது, கொடுத்துவிட்டேன். நீ சொன்னதை ஓர் அடிக்குறிப்பாகவாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இப்போது சண்டை ஓய்ந்து சனம் திரும்பியிருக்கிறது. உன் மனைவி பற்றை வெட்டப் போன இடத்தில் வன இலாகாக்காரர்கள் எல்லைக்கல் நட்டிருக்கிறார்களாம். கண்டல் காட்டில் கத்தி வைக்கக் கூடாது என்று மறித்து, ஒரு வரைபடத்தைக் காட்டியிருக்கிறார்கள். அது நான் கீறியது. அவளுக்கு அது தெரியாது.

"இவரோட வேலை செஞ்சவர் நீங்க. அந்தப் படத்தைக் கீறினவர் ஆரெண்டு விசாரிச்சுச் சொல்லுங்க அண்ணன். இந்த முன்மாரிக்கு விதைக்காட்டி, பிள்ளையளோட நான் எங்க போற?"

 சுவரைப் பார்த்தேன், மின்விசிறியைப் பார்த்தேன். "நான்தான்" என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்று கேட்டாள்: "அங்க வந்து பாத்தீங்களா?"

கடதாசியை எடுத்தேன். வரைபடம் பிழை, வரைந்தவன் நான் என்று கையெழுத்திட்டு மேலிடத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். நாளை அவளோடு வட்டைக்குப் போகிறேன். விதைப்புக்கு முன் கல்லைப் பிடுங்குவார்களா தெரியாது. 

படுவான்கரையில் நான் காடென்று குறித்த சிவப்புகள் இன்னும் நிறைய இருக்கின்றன, மச்சான். ஒன்றைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை. உன் வட்டை ஒன்றுதான் நீ பக்கத்தில் இருக்கும்போது குறித்தது. மற்றவையெல்லாம் நீ போன பிறகு நான் தனியே இருந்து குறித்தவை.