நிற்க வைத்துப் பேசியவள்

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் இருமல் நின்றதா? மருந்தை வாங்கி அலமாரியில் வைத்தால் இருமல் போகாது, குடிக்க வேண்டும். பேத்தி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம். கால் வீக்கம் சொல்லும்படி இல்லை.

இங்கே சலவைக்கூடத்தில் ஒரு சங்கதி நடந்தது. இஸ்திரி போடும் எங்களுக்கு உட்கார நாற்காலி கேட்டு, முதலாளிகளின் கூட்டத்தில் ஒருத்தி பேசினாள். யார் தெரியுமா? விடுதியில் என் போர்வையைப் போர்த்திக்கொண்டே, தான் எடுக்கவில்லை என்று சாதித்த அதே கீச்சுக்குரல்காரி. அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

மைக்கைப் பிடித்தவள், "ஐயா, என் கதை முடியுற வரைக்கும் எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றாள். ஏதோ மரியாதை என்று நினைத்து நின்றார்கள். தான் பிள்ளைத்தாய்ச்சியாக நாள் முழுக்க நின்றதையும், அந்தப் பிள்ளை தங்காமல் போனதையும், காலையிலிருந்து ஒவ்வொன்றாக, அழாமல் சொன்னாள். மேலாளர் கால் மாற்றி மாற்றி நின்றார்.

"இன்னும் இருக்காம்மா?"

"கால் வலிக்குதாய்யா? கதையில இன்னும் மத்தியானமே ஆகலை."

யாரும் சிரிக்கவில்லை. அவள் முடித்ததும் முதலில் கை தட்டியது நான்தான்.

நேற்று நாற்காலிகள் வந்துவிட்டன. இதை உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வேலைக்கு மணி அடித்துவிட்டது, ஒன்று மட்டும் கேட்கிறேன். முதுகு சாய்க்கும் பக்கம் பிளாஸ்டிக் சுடுகிறது. அதன்மேல் போட உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

உங்கள் வீட்டுக்காரி