பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு விரல்

இன்று காலை துணி ரோல் இறக்க வந்த வேன் ஒன்று எங்கள் வாசலில் நின்றது. அதன் பின்சக்கரத்திலிருந்து சூடான ரப்பர் வாசனை வந்தது. பிரேக்கை இழுத்துப் பிடித்து ஓட்டியிருப்பான், வேறொன்றும் இல்லை. ஆனால் கையிலிருந்த காபி டம்ளரை உடனே கீழே வைத்துவிட்டேன்.

பத்து நாட்களுக்கு முன் மங்கலம் ரோட்டு மின்கம்பத்தில் உங்கள் படத்தைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி. உங்கள் முழுப்பெயரை அந்தப் போஸ்டரில்தான் முதல்முறையாகப் படித்தேன். அதுவரை நீங்கள் எனக்கு டயர் கடைக்காரர்தான். முதலில் எனக்கு வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இனி என் மகன் செந்தில் காதுக்குப் போகாது என்ற நிம்மதி. வீடு வந்து சேர்வதற்குள் அந்த நிம்மதியை நினைத்தே எனக்குப் பயம் வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவர் இருந்தவரை எங்கள் பனியன் கம்பெனி வேன்களுக்கெல்லாம் நீங்கள்தான் டயர் மாட்டினீர்கள். அவர் போன பிறகு செந்தில் கம்பெனியைப் பார்த்துக்கொண்டான். கல்யாணமான அடுத்த வருடம் புதுக் கார் வாங்கினான். வாங்கிய கையோடு ஸ்பிரிங்கை மாற்றி அதை இரண்டு அங்குலம் கீழே இறக்கினான். தரையைத் தடவிக்கொண்டு போகிற காரில் என்ன அழகு என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு கோயமுத்தூரிலிருந்து நான்கு அலாய் சக்கரங்கள் வந்தன. பழைய பதினான்கு அங்குலச் சக்கரத்துக்குப் பதில் பதினாறு. மருமகள் வித்யாவுக்கு அப்போது ஆறாம் மாதம். அவளை ஏற்றப்போகும் கார் என்பதால் நானும் உடன் கிளம்பி உங்கள் கடைக்கு வந்தேன்.

"இதோட ஆஃப்செட்டு எவ்வளவு தம்பி?" என்று கேட்டீர்கள்.

"அதெல்லாம் செட் ஆகும்னு கடைக்காரர் சொன்னாருங்கண்ணா."

"அவன் கோயமுத்தூர்லல்லா இருக்கான். வண்டி ஒரசுனா எறங்கித் தள்ள அவனா வருவான்?"

டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். செந்திலுக்கு முகம் சுருங்கியது. சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டு உள்ளே பதித்திருந்த எண்ணைக் காட்டினீர்கள். முப்பத்தைந்து. பழையது நாற்பத்தைந்து. எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும் என்று, இடது உள்ளங்கையை மட்கார்டாகவும் வலது முஷ்டியைச் சக்கரமாகவும் வைத்துக் காட்டினீர்கள். நான் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன். ஆஃப்செட்டில் ஒரு சென்டிமீட்டர், சக்கரத்தின் அகலம் கூடியதில் இன்னும் ஏறக்குறைய இரண்டு. மொத்தம் மூன்று சென்டிமீட்டர் வெளியே. நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா கணக்கு சுத்தம்" என்றீர்கள். கன்னியர் மடத்துப் பள்ளியில் அடித்தல் திருத்தல் இல்லாமல் கணக்குப் போடப் பழகியவள் நான். உங்கள் பாராட்டு எனக்குத் தேவையில்லை என்பதுபோல நோட்டை வாங்கிக்கொண்டேன்.

செந்தில் 205/50 டயர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அது பழைய டயரைவிட உயரம், இறக்கின வண்டிக்குள் அடங்காது என்று மறுத்துவிட்டீர்கள். 195/45 போட்டால் உயரம் பழையபடியே நிற்கும் என்றீர்கள். மாட்டி முடித்து வண்டியை இறக்கியதும், டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே விரலைவிட்டுப் பார்த்தீர்கள்.

"ரெண்டு விரல் இருக்கும்மா. உங்க விரலுக்குன்னா மூணு."

நான் சிரிக்கவில்லை. அந்த நேரம் செந்திலுக்குப் போன் வந்தது, பனியன் வாங்கும் பையருடைய ஆபீஸிலிருந்து. பேசிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டான். நீங்கள் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்.

"இது காலி வண்டிக்கு உண்டான கணக்கும்மா. பின்னால மூணு பேரு ஏறுனா ஒரு விரலாயிரும். டிக்கில கனமா சாமான் ஏத்துனா அதுவும் போயிரும், டயர் மட்கார்டுல ஒரசி வெடிச்சிரும். விளிம்ப உள்ள தட்டி மடக்கிட்டா பயமில்ல. ஆனா பெயிண்டு கொஞ்சம் விடும். டிக்கில என்ன வப்பீங்க?"

"ஒன்றும் வைக்க மாட்டோம். நாங்கள் வாடகை வண்டி ஓட்டவில்லை. புதுக் காரைச் சுத்தியலால் தட்டவும் வேண்டாம்."

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"சொல்கிறேன்" என்றேன். சொல்லவில்லை. மறந்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். மறக்கவில்லை. நீங்கள் சொன்னதைக் கொண்டுபோய் என் மகனிடம் ஒப்பிப்பது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. அவ்வளவுதான் காரணம்.

அடுத்த மாதம் கட்டுச்சோறு, வளைகாப்பு விருந்து. சம்பந்தி வீட்டார் சாமளாபுரத்திலிருந்து கலந்த சாதங்களைப் பித்தளை அண்டாக்களில் கொண்டுவந்து, விருந்து முடிந்ததும் வித்யாவைப் பிள்ளைப்பேற்றுக்கு அழைத்துப் போக வேண்டும். அவர்கள் கொண்டுவந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. என் மாமியார் ஒரு படி அரிசி போட்டு அனுப்புவார். நான் மூன்று அண்டாவையும் நிரப்பினேன். ஒன்றில் அரிசி, ஒன்றில் வெல்லம், ஒன்றில் தேங்காய். சம்பந்தி அம்மாள் அசந்துபோக வேண்டும் என்று நினைத்தேன்.

வித்யாவையும் சம்பந்தி அம்மாளையும் செந்தில் தன் காரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. டிக்கியை மூடும்போதே சொன்னான். "அம்மா, பின்னாடி ரொம்ப எறங்குதுங்க. அண்டாவெல்லாம் கம்பெனி வேன்ல வரட்டுமே."

"பொண்ணு ஒரு வண்டியில, பாத்திரம் ஒரு வண்டியிலயா? நல்லாருக்குது கண்ணு நீ சொல்றது!"

அவன் போய் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தான். நான் குனிந்து பின்சக்கரத்துக்கு மேலே விரலைவிட்டுப் பார்த்தேன். ஒரு விரல்கூட முழுதாகப் போகவில்லை. அப்போதே ஒரு அண்டாவை இறக்கியிருக்கலாம். சம்பந்தி அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறக்கவில்லை. மாமியார் உடன் போகும் வழக்கமும் எங்களுக்குக் கிடையாது. ஆனால் வித்யாவை அந்த வண்டியில் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அவளோடும் சம்பந்தி அம்மாளோடும் நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். என் எடையும் சேர்ந்தது.

முதல் வேகத்தடையிலேயே பின்னால் உரசும் சத்தம் கேட்டது. மங்கலம் தாண்டியதும் ரப்பர் தீயும் வாசனை வந்தது. "என்னமோ தீயற மாதிரி இருக்குதுங்களே அத்தை" என்றாள் வித்யா. "வெளியில குப்பை எரிக்கறாங்க" என்றேன். நிறுத்து என்று ஒரே ஒரு சொல் போதும். பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, சம்பந்தி முன்னால் அண்டாக்களை ரோட்டில் இறக்கி வைப்பதை நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மேட்டுக்கும் கால் விரல்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாமளாபுரம் குளம் கண்ணுக்குத் தெரிந்தபோது டயர் வெடித்தது. வண்டியின் பின்பக்கம் ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் வீசியது. செந்தில் எப்படித் திருப்பினான் என்று அவனுக்கே தெரியாது. கரையோரத்து வேலிக்கருவேல மரங்களுக்குள் புகுந்து நின்றது. வித்யாவின் கை என் கைக்குள் இருந்தது. அன்று காலை அவளுக்கு அடுக்கியிருந்த கண்ணாடி வளையல்கள் உடைந்து எங்கள் இருவர் மணிக்கட்டிலும் ரத்தம். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "அசையலைங்க அத்தை, அசையலைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கிறது என்று டாக்டர் சொல்லும்வரை இருந்த நேரத்தை என்னால் எழுத முடியாது. பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

மறுநாள் காரை உங்கள் கடைக்கு இழுத்து வந்தார்கள். நானும் வந்தேன். வரக் காரணம் கோபம் இல்லை. நீங்கள் செந்திலிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்ற பயம். அதனால் நானே முந்திக்கொண்டேன். கடையில் அத்தனை பேர் நிற்க, "உறுதியாகச் சொன்னீர்களே, இரண்டு உயிர் போயிருக்கும், உங்களை நம்பி வந்தோமே" என்றேன். செந்திலும் சேர்ந்துகொண்டான்.

"காலி வண்டியை வெச்சு அளந்திருக்கறீங்கண்ணா. ஆள் ஏறுனா ஒரசும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். டிக்கி திறந்திருந்தது. அதன் விரிப்பில் அண்டாவிலிருந்து சிந்திய அரிசி கிடந்தது. அதையும் பார்த்தீர்கள். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து அந்த அரிசியை ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளி, மடித்து என் கையில் கொடுத்தீர்கள்.

"என் தப்புதான் தம்பி" என்றீர்கள். "ஏத்தி வச்சிப் பாத்திருக்கணும்."

பழைய சக்கரங்களையே மாட்டிக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு ஐந்து வருடம் உங்கள் கடை வழியாகப் போகும்போதெல்லாம் நான் காரின் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கடை வாசலில் நின்றால் இன்றைக்குச் சொல்லிவிடுவீர்கள் என்று நினைப்பேன். கடைப்பேச்சில் தவறி ஒரு வார்த்தை விழுந்துவிடுமோ, டயர் கழற்றுகிற யாராவது அன்று கேட்டிருப்பார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். நீங்கள் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிவு வரவில்லை.

பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள். நாங்கள் இந்துப் பிள்ளைகள் எட்ட நின்று பார்ப்போம். எனக்கு அப்படி நின்று சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்று அந்த வயதில் எனக்குப் பெருமை.

இன்று மதியம் செந்தில் சாப்பிட வந்தபோது சொல்லிவிட்டேன். நீங்கள் எச்சரித்தது, நான் மறைத்தது, எல்லாம். கடைசிவரை கேட்டான். கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றான்.

"என் சிநேகிதனுக ஒருத்தனையும் அந்தக் கடைக்குப் போகவிடலைங்கம்மா நான். மட்டமான வேலைன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சேன். கடைசியில பாதி நாள் கடையே தெறக்கலையாமா அவரு."

எனக்கு அது தெரியாது. ஐந்து வருடமும் நான் பயந்தது எனக்காக மட்டும்தான். உங்களுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

நாளைக் காலை அவன் உங்கள் வீட்டுக்குப் போகிறான். "வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டான், என் முகத்தைப் பார்க்காமல். வருகிறேன் என்றேன். உங்கள் மனைவியை நான் பார்த்ததே இல்லை. வாசலில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்பதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 'உங்கள் வீட்டுக்காரர் எச்சரித்தார், நான்தான் மறைத்தேன்.' கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன். 'எச்சரித்தார்' வரை வருகிறது. அங்கே நோட்டை மூடிவிடுகிறேன். விடிவதற்குள் இன்னும் சில தடவை படித்துப் பார்க்க வேண்டும்.