கொடியில இருந்த கறை

மார்ச் 3
பெரிய தலைவர் போயிட்டாராம். ரேடியோல காலையில இருந்து அழுகைப் பாட்டு. நாடு பூரா துக்கம், கொடியெல்லாம் அரைக்கம்பத்துல பறக்கணும்னு உத்தரவு. ஆஸ்பத்திரித் துணிமூட்டைக்கு ஏது துக்கம்? அது பாட்டுக்கு வந்து இறங்கிடுச்சு.

மார்ச் 4
நகராட்சி குமாஸ்தா நம்ம சலவைக் கடைக்கே வந்துட்டாரு. கையில பழைய கொடி. நகராட்சி மண்டபத்துல கண்ணாடிப் பெட்டியில வச்சிருப்பாங்களே, அதேதான். செத்த தலைவர் வாலிபத்துல அந்தக் கொடிக்குப் பின்னாடி ஊர்வலம் போனவராம், அதனால அதையே ஏத்தணுமாம். "சுருக்கம் எடுத்துக் குடும்மா, போதும்"னாரு.

சந்தைத் தெருவுல ஊர்வலத்து மேல துப்பாக்கிச் சூடு நடந்த அன்னைக்கு அந்தக் கொடியைப் பிடிச்சிருந்தவன் பொத்தான் அக்காவோட தம்பி. பொத்தான் விக்கிற கடை வச்சிருக்கிறதால அக்காவுக்கு அந்தப் பேரு. தம்பி சுருண்டு விழுந்தான், கொடியோட வெள்ளையில அவன் ரத்தம். படம்கூட இல்ல அவனுக்கு. அக்கா அந்தக் கறையத்தான் போய்ப் போய்ப் பாத்துட்டு வரும்.

இவ்வளவும் தெரியும் எனக்கு. தெரிஞ்சும்—

மார்ச் 5
நேத்து அதுக்குமேல எழுத வரல.

ஆஸ்பத்திரித் துணியில ரத்தம் பட்டது தனி, படாதது தனி. அப்படிப் பிரிச்சுப் பிரிச்சு என் கைக்குத் தனியா ஒரு புத்தி வந்துடுச்சு. ஒருதடவ என் வீட்டுக்காரர் சவரம் பண்ணி வெட்டிக்கிட்டு சட்டையோட வந்து நிக்கிறாரு, காயத்தைப் பாக்காம சட்டையத்தான் உருவினேன். "ஆளையும் சேத்து முக்கிடு"ன்னாரு. அத விடு. நேத்து குமாஸ்தா போனதும் ஒரு கையில கொடி, ஒரு கையில மூட்டை, வாய் வீட்டுக்காரரோட சண்டை. கை பிரிச்சுப் போட்டுடுச்சு. கறை போக்குற மருந்துத் தொட்டியில கொடி. தண்ணி நிறம் மாறினப்பதான் பாத்தேன்.

எடுத்தேன். வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. என் வேலை அவ்வளவு சுத்தம்.

குமாஸ்தா வாங்கிட்டுப் போனாரு. "புதுசு மாதிரி இருக்கே"ன்னாரு. கறைய அவரு தேடக்கூட இல்ல.

மார்ச் 6
கொடி பறக்குது. முதல்ல உச்சிக்கு ஏத்தி, அப்புறம் பாதிக்கு இறக்கினாங்க. எல்லாரும் தலை குனிஞ்சு நின்னாங்க. நான் அவங்களுக்கும் முன்னாடியே குனிஞ்சுட்டேன்.

அக்காவுக்கு முட்டி வலியாம், நாளைக்குத்தான் வருதாம். பனியில நனையுதுன்னு நகராட்சி வாட்ச்மேன் சாயந்தரம் கொடிய இஸ்திரிக்குக் கொண்டுவந்து குடுத்தாரு. விடிஞ்சா திருப்பித் தரணும்.

என்ன பண்றது நான்?

மார்ச் 7
பண்ணிட்டேன். வேணாம் வேணாம்னுதான் நினைச்சேன். பழைய இரும்புத் தொட்டியோட விளிம்பு துருப்பிடிச்சுக் கிடக்கு. அதுமேல கொடிய ஈரமா விரிச்சு, சூட்டோட இஸ்திரிப் பெட்டிய வச்சேன். கறை இருந்த அதே இடத்துல பழுப்பா ஏறிடுச்சு. வீட்டுக்காரர் பாத்துட்டு, "இது நல்லாயில்ல, சொல்லிட்டேன்"னாரு.

அக்கா வந்துச்சு. வாட்ச்மேன் கொடிய இறக்கிக் கையில குடுத்தாரு. இத்தனை வருசமா கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்ன மனுசி. கறைய விரலால தடவிச்சு. கன்னத்துல வச்சுக்குச்சு. "நல்லாப் பாத்துக்கிட்டேடி"ன்னு என்கிட்டச் சொல்லிச்சு.



மார்ச் 8
ஒண்ணுமில்ல.

மார்ச் 10
துக்கம் முடிஞ்சுது. கொடி பெட்டிக்குப் போயிடுச்சு. தப்பிச்சோம்னு நினைச்சேனே, வெக்கமாயில்ல?

மார்ச் 12
சொல்லிட்டேன். அக்கா கடையில பொத்தான் கோத்துக்கிட்டிருந்துச்சு. ஊசிய நிறுத்தல. நான் முழுசாச் சொல்லி முடிச்சதும், "அப்ப நான் கன்னத்துல வச்சது உன் தொட்டிய"ன்னுச்சு.

திட்டியிருக்கலாம். திட்டல.

மார்ச் 15
அக்கா வந்து வாசல்லயே நின்னுச்சு. "அதையாவது எடுத்துடு."

எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேச்சா துரு போயிடும்தான். ஆனா அந்தத் துணி தாங்காது, பொத்துக்கும். நெஜக் கறை ஒரு முக்குல போச்சு, என் பொய்யி இனி போகாதுன்னு சொன்னேன். சொல்லும்போதே குரல் உடைஞ்சு போச்சு.

"அழாத. அழுதா நான்ல உன்னைச் சமாதானப்படுத்தணும்"னுச்சு அக்கா.

அப்புறம் ரெண்டு பேரும் குமாஸ்தாகிட்டப் போனோம். அவரு கதவைச் சாத்திட்டு, "யாருக்கும் தெரியாது, விட்டுடுங்களேன். என் தலைதான் உருளும்"னாரு. அக்கா ஒத்துக்கல. "இவளுக்குத்தான் வாய் ஓயாதே. வர்றவங்களுக்கு இவளே நின்னு சொல்லட்டும்"னுச்சு.

மார்ச் 23, ஞாயிறு
பெட்டிகிட்ட நின்னேன். முதல்ல ஒரு குடும்பம். அப்பாக்காரரு பழுப்பைக் காட்டி, "பாருங்க, ரத்தம்"னாரு பிள்ளைங்ககிட்ட. "இல்லங்க, அது துரு"ன்னேன். ஆரம்பிச்சேன். எங்கெங்கயோ சுத்தி, ஆஸ்பத்திரி, வீட்டுக்காரர் சட்டை எல்லாம் வந்துடுச்சு. அந்தம்மா சிரிச்சாங்க, அப்புறம் சிரிக்கல. "எந்தப் பாவி துவைச்சது?"ன்னு கேட்டாங்க.

"நான்தான்."

பின்னாடி பெஞ்சில அக்கா. "அவனைப் பத்தி நீ ஒண்ணுமே சொல்லலியே"ன்னுச்சு. உண்மைதான். முழுக்க என் கதையாவே சொல்லியிருக்கேன். "எனக்கு அவனைத் தெரியாதேக்கா"ன்னேன்.

அக்கா கொஞ்சம் நகந்து இடம் விட்டுச்சு. "உக்காரு. இடது கைப்பழக்கம் அவனுக்கு"ன்னு ஆரம்பிச்சுது.